கங்கு விழுங்கியவரின் விரதம்

1

இந்த வருடம், 1987-இல், ஆடி மாதம் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் பிறந்திருக்கிறது. இன்று காலை எங்கள் தேயிலை பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் தீயணைப்புக் கொட்டகையில் ஆறு ஆண்கள் கூடி, தண்ணீர்க் குழாயின் பித்தளை முனைக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஆளுக்குக் காப்புக் கட்டுவதை நீங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குக் காப்புக் கட்டும் இடம் வேறு எங்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் படித்த வரையில் இல்லை.

புதிதாக வந்திருக்கும் சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தார். கோலாலம்பூரில் படித்த சீன இளைஞர். இது என்ன என்று மலாயில் கேட்டார்.

“பைப்புக்கு விரதம், துரை. இன்னையிலேர்ந்து அது கோழி சாப்பிடாது” என்றான் அவர்களில் ஒருவனான கோவிந்தன், அவனும் மலாயில்தான். சின்னத்துரை மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போகும்வரை எல்லோரும் முகத்தை இறுக்கி வைத்திருந்தார்கள். பிறகு கொட்டகைத் தகரம் அதிரச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் மாயழகு அண்ணனும் இருந்தார். இந்தக் குறிப்பை இன்றே எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம். இரண்டு வருடத்துக்கு முன் அவர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தபோது படத்தில் ஒரு நிழல் இருந்தது. அது என்ன நிழல் என்ற கேள்வி எங்கள் லயத்தையே, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளையே, உலுக்கி எடுத்தது. நேற்று மறுபடியும் ஈப்போவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2

தெரியாதவர்களுக்காக: நான் திருநெல்வேலி டவுனில் பிறந்து, 1971 மே மாதம் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையில், தேயிலைத் தோட்டம். என் கணவர் இங்கேயே பிறந்தவர், பேக்டரி கிராணி, அதாவது கணக்கர். அதனால் எனக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. எல்லோருக்கும் நான் கிராணியம்மாதான். ஊரில் சித்திரை வெயிலில் தார் உருகும்போது நான் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காயாத துணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பேன்.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு வார்த்தை என்னைக் காலை வாரியது. அடுத்த வீட்டு லெட்சுமி அக்கா, மாயழகு அண்ணனின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“என்னம்மா சமையலு?”

“வாழைக்காய்க் கறி.”

“வாழக்காயும் கறியுமா? ஆடா, கோழியா?”

“வாழைக்காய்தான் கறி.”

சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது, கிராணி பெண்டாட்டி வாழைக்காயை அறுத்துக் கூறு போட்டுச் சாப்பிடுகிறாள் என்று. எங்கள் சைவப் பிள்ளைமார் வீடுகளில் காயை வதக்கி இறக்கினால் அது கறி. இங்கே கறி என்றால் இறைச்சி மட்டும்தான். காய்கறிக்கு மலாயில் சாயோர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சைவம் என்பது விரத நாளின் பெயர். சாப்பாட்டின் பெயர் அல்ல.

மலாய் மொழியை நான் புத்தகத்தில் படித்தேன். நகரத்துக் கடையில் ஒரு பாலபாட நூல் வாங்கி, பக்கத்துக்குப் பத்து வார்த்தை என்று உருப்போட்டேன். படித்தவள் என்ற கர்வம். எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் காய்கறி லாரிக்காரர் பேசினால் பாதி புரியாது. என் மகள் சுமதி அதற்கு நேர் எதிர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு பக்கத்து நகரமான தானா ராத்தாவில் மலாய்ப் பள்ளிக்குப் போனாள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை முதலில் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வைப்பார்கள். அந்த ஒரு வருடத்தில் அவள் நாக்கு வீடு மாறிவிட்டது. சிநேகிதியைக் ‘கவான்’ என்றாள். திருநெல்வேலியில் இருக்கும் என் தம்பிக்கு அவள் எழுதும் கடிதம் தந்தி மாதிரி ஆனது. ‘மாமா, நலம். மழை. பரீட்சை வருகிறது. சுமதி.’ அதைப் பிரித்துப் படிக்கும் என் தம்பியின் முகத்தை நினைத்துக்கொள்வேன். இந்தப் பெண்ணின் காது ஒருநாள் என்னைத் திருத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

3

தோட்டத்தில் தீ என்றால் நகரத்துப் பொம்பா வண்டி வளைவு வளைவாக ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தீயணைப்புக்காரர்களை இங்கே பொம்பா என்பார்கள். அதனால் தோட்டத்துக்குச் சொந்தமாகவே ஒரு பொம்பா உண்டு. பேக்டரி ஆட்கள் பத்துப் பேர், ஒரு பம்பு, நீளமான கித்தான் குழாய். தலைவர் மாயழகு அண்ணன். தேயிலை வாட்டும் அடுப்பில்தான் அவருக்கு வேலை. பகல் முழுக்க நெருப்பை வளர்ப்பார், சங்கு ஊதினால் நெருப்பை அணைக்கப் போவார். “அவனுக்கு நெருப்பு ரெண்டு சம்சாரம் மாதிரி. ஒன்ன வளக்கணும், ஒன்ன அடக்கணும்” என்பான் கோவிந்தன். “மொத சம்சாரம் நானு. என்ன எதுல சேத்த?” என்று லெட்சுமி அக்கா விறகுக் கட்டையைத் தூக்குவார்.

இவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. தீ அடங்கியதும் தோட்டத்துச் செலவில் இரண்டு கோழி வரும். அணைத்த நெருப்பில் மிச்சமிருக்கும் கங்கைக் கிளறி, அதிலேயே கோழியை வாட்டுவார்கள். முகமெல்லாம் கரி, கையெல்லாம் கரி. அந்தக் கையாலேயே பிய்த்துத் தின்பார்கள். கை கழுவச் சொன்னால் கேலி. கரியோடு தின்றால்தான் நெருப்பைத் தின்றுவிட்டதாக அர்த்தமாம். அந்த நெருப்பு இனித் திரும்பி வராதாம்.

1985 ஜூன் மாதம் உரக் கொட்டகை பற்றிக்கொண்டது. விறகுத் தீ எப்படி எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். இது வேறு மாதிரி எரிந்தது. பிளாஸ்டிக் சாக்கு, பூச்சிமருந்து டின், பழைய டயர். புகை மஞ்சளாக எழுந்து லயத்தின் மேல் படுத்துக்கொண்டது. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணன் இரண்டு முறை உள்ளே போனார். இரண்டாம் முறை மண்ணெண்ணெய்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். அது வெடித்திருந்தால் முதல் லயம் இருந்திருக்காது. அன்றும் கோழி வாட்டினார்கள்.

அடுத்த வாரம் அவருக்கு இருமல் பிடித்தது. ஜூலையில் சளியோடு சிவப்பாக ஒரு கீற்று வந்தது.

4

நகரத்து ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். “நீங்கதான் படிச்சவங்க, டாக்டரு சொல்றத வெளக்கிச் சொல்லுங்க” என்று லெட்சுமி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் பெயர்ச் சண்டை. அண்ணனின் அடையாள அட்டையில் மாயா என்றும் அழகு என்றும் இரண்டு துண்டாக எழுதியிருந்தது. பிறப்புப் பத்திரத்தில் ஒரே துண்டு. முகப்பில் இருந்தவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் “மாயா லாகு!” என்று கூப்பிட்டார். லாகு என்றால் மலாயில் பாட்டு.

“பாட்டுப் பாடக் கூப்புடுறான் போல” என்று அண்ணன் எழுந்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் இளம் மலாய்க்காரர், மிகவும் மெதுவாகப் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிழலைக் காட்டினார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். குரலை இன்னும் தாழ்த்தி, இது ‘பாரா’வாக இருக்கக் கூடாது, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

அந்த வார்த்தை என் பாலபாட நூலில் இருந்தது. சமையல் பாடத்தில், அடுப்புக்கு அடுத்த வரி. பாரா என்றால் கங்கு.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. புகையோடு கங்குத் துகள் உள்ளே போய் நெஞ்சில் ஒட்டியிருக்கிறது, அதுதான் நிழல். வெளியே வந்து இருவருக்கும் விளக்கினேன்.

“கங்கா?” என்றார் அண்ணன்.

“அப்படித்தான் சொன்னார். உள்ளே கங்கு இருக்கா இல்லையான்னு ஈப்போவில் பார்ப்பாங்களாம்.”

அவர் சட்டைப் பையிலிருந்த ரோக்கோ பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். சிகரெட்டுக்கு இங்கே அதுதான் பேர். பிறகு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். “உள்ள ஒரு கங்கு இருக்கையில வெளிய ஒன்னு எதுக்கு” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது லெட்சுமி அக்காவின் முகம் தெளிந்திருந்தது. கங்கு அவருக்குத் தெரிந்த பொருள். தெரிந்த பொருளுக்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

5

இங்கிருந்துதான் விரதம் பிறந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளியில் தீமிதி. மிதிக்கிறவர்கள் மஞ்சள் கயிறு கட்டி, இறைச்சியை விட்டு, சுத்தமாக இருப்பார்கள். குழியில் கடைசி ஆள் இறங்கி ஏறியதும் தண்ணீர் விட்டு அணைப்பது மட்டும்தான் பொம்பாக்காரர்களின் வேலை. அவர்கள் யாரும் அதுவரை மிதித்ததில்லை.

ஆனி மாதக் கடைசியில் அண்ணன் கொட்டகையில் பேச்சை ஆரம்பித்தார். என் கணவர் அங்கே இருந்ததால் அப்படியே கேட்டு வந்து சொன்னார்.

“கங்கு மேல நடக்கிறவனுக்கே வெரதம் இருக்கு. கங்க முழுங்கினவனுக்கு இல்லியா? நான் காப்புக் கட்டப்போறேன்டா. கறி கவுச்சி கெடையாது.”

கோவிந்தன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்திருக்கிறான். “அன்னிக்கு ஒரக் கொட்டாயில நாங்களுந்தான் இருந்தோம். எங்க உள்ளயும் துண்டு துண்டாப் போயிருக்கும் லா. நீ மட்டும் எப்படிக் கட்டுவ?”

பத்துப் பேரும் கட்டிக்கொண்டார்கள். விரதம் முடியும் நாளில் வெட்டுவதற்கு ஒரு கிடாவை வாங்கிக் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டினார்கள். வழக்கப்படி விரதம் என்றால் முடிவில் கிடா உண்டு.

மூன்றே நாளில் பெண்கள் என் வாசலில் நின்றார்கள். விரதச் சாப்பாடு என்றால் அவர்களுக்குச் சாம்பாரும் முட்டைக்கோசும்தான். முட்டைக்கோசுக்கு இந்த மலையில் குறைவே இல்லை. காலையில் கோசு, மத்தியானம் கோசு, ராத்திரியும் கோசு. “கிராணிம்மா, கிடா என்னைப் பாத்துப் பரிதாபப்படுது. ரெண்டு பேருக்கும் ஒரே எல” என்றான் கோவிந்தன்.

என் உற்சாகத்தைச் சொல்லி முடியாது. பதினாலு வருடமாக வாழைக்காய்க் கறி என்று கேலி செய்த லயம் என் அடுப்பைத் தேடி வந்திருக்கிறது. திரிங்காப் காய்கறித் தோட்டத்துச் சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், சொல்லி, லாரியில் ஏற்ற முடியாத கோணல் காய்களையெல்லாம் வாங்கினேன். கோணல் கேரட், அடிபட்ட தக்காளி, முற்றின பீன்ஸ், பெயர் தெரியாத நான்கு வகைக் கீரை. முற்றின பீன்ஸை உரித்துப் புளிக்குழம்பு. கீரைத் தண்டில் கூட்டு. தோபு என்னும் சோயாக் கட்டியில் நம் ஊர் வறுவல் மசாலா. இது மட்டும் நான் இங்கேயே கண்டுபிடித்தது; திருநெல்வேலியில் சொன்னால் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். லெட்சுமி அக்கா அதில் பாலாச்சான், அதாவது மலாய்க்காரர்களின் இறால் விழுது, போடலாமா என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்து, “மறந்துட்டேன்மா, இறாலுக்கும் உயிரு உண்டு” என்று ஸ்பூனைக் கீழே வைத்தார்.

இரண்டாம் வாரத்தில் மரத் தொட்டியில் குழாய் வைத்து, பேக்டரியிலிருந்து வருகிறவர்கள் கரியை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டார். விரதச் சாப்பாட்டைக் கரிக்கையால் தொடக் கூடாது என்ற ஆசாரம் அது. அண்ணனின் இருமல் மட்டும் நிற்கவில்லை.

6

ஈப்போவுக்குப் போக வேண்டிய வாரம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் நான் கங்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுமதி தலையைத் தூக்கினாள்.

“அம்மா, அந்த டாக்டர் எப்படிச் சொன்னாரு?”

“பாரா.”

“இல்ல. கங்குன்னா எழுதுறப்பதான் பாரா. பேசுறப்ப ‘பாரெ’ன்னு கடைசிய மழுக்கிடுவாங்க. யாரும் ‘ரா’ன்னு தொறந்து சொல்ல மாட்டாங்க. அவரு தொறந்தா சொன்னாரு?”

“திறந்துதான் சொன்னார். கடைசியில் லேசாக மூச்சு விட்டார்.”

அவள் தட்டைப் பார்த்தாள். “அப்ப அது பாராஹ். ஹ் இருக்கு. அது கேன்சர்மா.”

என் கணவர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். கங்குக்கும் புற்றுநோய்க்கும் நடுவில் ஒரே ஒரு மூச்சு. என் புத்தகத்தில் மூச்சு இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஊர்தான் கண்முன் வந்தது. டவுனில் என் அத்தை படுத்த படுக்கையாகி இறந்தது 1966-இல். என்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. அது என்றார்கள், அந்த வியாதி என்றார்கள். கடைசிவரை அத்தையிடமும் சொல்லவில்லை. அத்தை பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டவர் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அதனால் காய்கறி சாப்பிட்டால் அந்த நோய் வராது என்று நான் யாரிடமும் சத்தியம் செய்யமாட்டேன்.

எங்கள் தோட்டத்து மன்றத்தில் பழைய துரை விட்டுப்போன கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. மறுநாள் விடிந்ததும் போய்ப் புரட்டினேன். லண்டனில் புகைக்கூண்டு துடைத்த தொழிலாளிகளுக்கு உடம்பில் படிந்த கரியால் புற்று வந்ததை இருநூறு வருடத்துக்கு முன்பே ஒரு வைத்தியர் எழுதியிருக்கிறார். கரி! இவர்கள் கையோடு கையாகக் கோழியில் சேர்த்துத் தின்ற கரி. படித்ததும் நேரே லெட்சுமி அக்கா வீட்டுக்கு நடந்தேன். அத்தைக்குச் செய்ததை இவருக்குச் செய்ய எனக்கு மனம் இல்லை. சுமதி தானாகவே கூட வந்தாள்.

அண்ணன் வாசலில் பூட்ஸைக் காய வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அக்கா உள்ளே போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்பை ஊதினார்.

அண்ணன் பூட்ஸைக் கவிழ்த்து வைத்தார். “கங்குன்னா எனக்குத் தெரியும் கிராணிம்மா. எங்க தண்ணி ஊத்தணும்னு தெரியும். இதுக்கு எங்க ஊத்துறது?”

அவரே சுமதியைப் பார்த்தார். “எப்படிம்மா சொல்லணும் அத? சரியாச் சொல்லிக் குடு. ஈப்போவுல தப்பாக் கேட்டுட்டு வரக் கூடாது.”

“பாராஹ். கடைசில மூச்ச விடணும் மாமா.”

அவர் சொன்னார். மூச்சை விட்டபோது இருமல் வந்து வார்த்தையைத் தின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். சுமதி பயந்து என் கையைப் பிடித்தாள்.

கொட்டகையில் அன்று சாயங்காலம் கோவிந்தன் கேட்டான், கங்கு இல்லை என்றால் காப்பை அவிழ்த்துவிடலாமா என்று. “கட்டினது கட்டினதுதான். நோய்க்குப் பேருதான் மாறிப்போச்சு” என்றார் அண்ணன். ஒருவரும் அவிழ்க்கவில்லை.

7

காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டி ராத்திரி தங்கக் கூடாது. பூசாரி யோசித்து, பொழுது சாய்வதற்குள் திரும்பினால் போதும் என்றார். விடியலில் வாடகைக் காரில் மலை இறங்கினோம். தாப்பா வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும் அந்தப் பாதையில் அக்கா புளிப்புப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஈப்போவில் மூச்சுக்குழலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். “ஊருக்கெல்லாம் பைப்பு புடிச்சேன். எனக்கே பைப்பு விட்டுட்டானுங்க” என்றார் வெளியே வந்து, கரகரத்த குரலில்.

முடிவு கேட்க மறுபடி போனது தீமிதிக்கு முதல் நாள். இந்த முறை சுமதியும் வந்தாள், மூச்சு இருக்கிறதா இல்லையா என்று கேட்பதற்கு. தேவைப்படவில்லை. டாக்டரம்மா தமிழர், தமிழ் மெதுவாக வந்தாலும் வந்தது.

“கேன்சர் இல்லை. பழைய நிமோனியா ஆறின தழும்பு. அதுமேல புகை பட்டு இரிட்டேஷன் ஆகியிருக்கு.”

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

டாக்டரம்மா அண்ணனின் மணிக்கட்டைக் காட்டி, கயிறு எதற்கு என்று கேட்டார். நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். கங்கு, காப்பு, கரிக்கோழி, கோணல் கேரட் எல்லாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பாரா வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசியதை என்னால் முடிந்த அளவு அப்படியே தருகிறேன்.

“தப்பான காரணத்துக்கு நிறையச் சரியான காரியம் பண்ணியிருக்கீங்க. ரோக்கோ விட்டது முதல் காரியம். கரியைக் கழுவிட்டுச் சாப்பிடுறது ரெண்டாவது. காய், கீரை, பழம் நிறையச் சாப்பிடுறது நல்லது. கருக வாட்டின கறி, கருவாடு எல்லாம் குறையறதும் நல்லது. ஆனா காய்கறி கவசம் இல்லை, சரியா? உங்க வேலையில புகைதான் எதிரி. ஈரத்துண்டு போதாது. முகமூடி கேளுங்க. வருஷா வருஷம் படம் எடுங்க. வராதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது. வர்ற வழியைக் குறைக்கலாம்.”

பிறகு, “இந்த விரதம் எப்ப முடியுது?” என்று கேட்டார்.

“நாளன்னிக்கு. கிடா கட்டியிருக்கு” என்றார் அண்ணன்.

“முடிக்காதீங்க.”

காரில் மலை ஏறும்போது அண்ணன் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். “முடியாத வெரதம் எங்கயாவது இருக்கா? சாமிக்கே கணக்கு உண்டு. காப்ப அவுக்காம எப்படி இருக்கிறது?” பிறகு, “அவுத்தா இந்தப் பயலுங்க அன்னிக்கே கங்குல கோழியத் தூக்கிப் போட்டுருவானுங்க” என்றார்.

8

தீமிதியில் அண்ணன் மிதித்தார். நிதானமாக, கடைசி ஆளாக இறங்கி ஏறினார். ஏறிய சூடு ஆறும் முன்பே குழாயைக் கையில் வாங்கி, தான் மிதித்த குழியைத் தானே அணைத்தார். வெள்ளை ஆவி எழுந்தது. அதற்கு நேர் எதிரே நிற்காமல் காற்று வரும் பக்கமாக விலகி நின்றதை நான் கவனித்தேன். அவருக்கு அது புதுப் பழக்கம்.

மறுநாள் காலை பூசாரி ஒவ்வொருவர் காப்பாக அவிழ்த்தார். கிடா கத்திக்கொண்டிருந்தது. கோவிந்தன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் தன் முறை வந்ததும் கையை நீட்டி அவிழ்க்கவிட்டார். அவிழ்ந்த கயிற்றைக் குப்பையில் விடாமல் வாங்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனார். குழாயின் பித்தளை முனையில் அதைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார்.

“எனக்கு முடிஞ்சிருச்சு. இதுக்கு முடியல. இதப் புடிக்கிறவன் இனி இதோட வெரதத்துக்குக் கட்டுப்பட்டவன். முடியாதவன் பக்கெட்டு தூக்கலாம், நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

கோவிந்தன் கத்தியையும் கிடாவையும் மாறி மாறிப் பார்த்தான். “ஏண்டா மாயழகு, இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் கத்தியத் தீட்டியிருக்க மாட்டேன்ல” என்றான். முதலில் சிரித்தது லெட்சுமி அக்கா.

பத்துப் பேரில் நான்கு பேர் பக்கெட்டுக்குப் போனார்கள். அவர்கள் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. கோவிந்தன் குழாயிலேயே இருக்கிறான். தீபாவளிக்கு மட்டும் மாமியார் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று கேள்வி. அன்றைக்குச் சங்கு ஊதக் கூடாது என்று அவனே வேண்டிக்கொள்வதாகவும் கேள்வி. ஆடி பிறக்கும்போதெல்லாம் குழாயின் கயிற்றைப் புதிதாக மாற்றுகிறார்கள். கிடா இன்னும் இருக்கிறது. கோசு இலை தின்று பீப்பாயாகிவிட்டது. மேனேஜர் போன வருடம் முகமூடி வாங்கித் தந்தார், ஆறு. மிச்சம் நாலுக்கு என் கணவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். தீ அணைந்ததும் இப்போது கோழி வருவதில்லை. தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள். “என்ன கறி கிராணிம்மா?” என்று கேட்பார்கள். வாழைக்காய் என்றால் தலையாட்டுவார்கள்.

நேற்று அண்ணன் ஈப்போவிலிருந்து இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். இரண்டாவது வருடப் படம். நான் வாசலில் நின்றேன். சுமதி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், காரின் சத்தம் கேட்டு மலாய்ப் புத்தகத்தோடேயே வெளியே ஓடி வந்தாள். அவர் என்னைத் தாண்டினார். அவள் முன்னால் போய் நின்றார்.

“டீச்சர், சரியாச் சொல்றேனா பாருங்க. பாரெயும் இல்லயாம். பாராஹ்ஹ்ஹ்... அதுவும் இல்லயாம்.”

கடைசி மூச்சை அவர் நீளமாக, வேண்டுமென்றே, மலைக்காற்றில் வெண்ணிறமாகத் தெரியும்படி விட்டார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அக்கா காரின் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

இருமல் வரவில்லை.

“இன்னொரு தரம் சொல்லுங்க மாமா” என்றாள் சுமதி. அவர் இன்னொரு தரம் சொன்னார்.